கைபேசியின் உள் சேமிப்புச் சிப்பை மாற்றுதல்: பழுது, தரவு, அடையாளம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

திரை உடைந்தால் திரையை மாற்றுகிறோம்; பேட்டரி உப்பினால் பேட்டரியை மாற்றுகிறோம். மாற்றிய பிறகும் அது அதே போன்தான். உள் சேமிப்புச் சிப்பை மாற்றும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. இயங்குதளம், உரிமையாளரின் படங்கள், ஐஎம்இஐ எனும் கருவி அடையாள எண், வைஃபை முகவரி, உணரிகளின் அளவுத்திருத்தம், கைரேகைப் பூட்டு நம்பியிருக்கும் இரகசியங்கள் என அத்தனையும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஒரே சிப்பில்தான் இருக்கின்றன. சிப்பைக் கழற்றி எறிந்தால் போனின் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தே போகிறது.

பழுதுபார்ப்புப் பயிற்சிகளில் ஹாட் ஏர் பிடிப்பதற்கும், சிப்பின் அடியில் ஈய உருண்டைகளை மறுபடி பதித்து ரீபால் செய்வதற்கும் கிடைக்கும் இடம் மற்ற எதற்கும் கிடைப்பதில்லை. ஈய வேலை இந்தச் சிகிச்சையில் சிறு பகுதி என்பதே இக்கட்டுரையின் வாதம். பழைய சிப்பில் என்ன எஞ்சியிருக்கிறது, அதில் எதைப் படித்தெடுக்கலாம், புதிய சிப்புக்கும் பிராசஸருக்கும் எந்த உறவை மறுபடி உண்டாக்க வேண்டும் என்பவற்றைச் சூடு வைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆய்வு பெரும்பாலும் ஈஎம்எம்சி வகைச் சிப்புகளைப் பற்றியது. அதற்குப் பின் வந்த அதிவேக யூஎஃப்எஸ் சிப்புகளும் ஐபோனும் ஒப்பீட்டுக்காக வருகின்றன.

2. சிப்பின் உள்ளமைப்பு

நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை 1987இல் உலகறியச் செய்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. மின்னூட்டத்தை ஒரு காப்புப் படலத்துக்குள் சிறைவைத்து, அதன் அளவைக் கொண்டு தகவலைக் குறிப்பதே அதன் அடிப்படை. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பதோ முழுத் தொகுதியாகத்தான் நடக்கும். ஒவ்வோர் அழிப்பும் படலத்தைச் சிறிது நலிவிக்கும். ஒரு நினைவக அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் வகை ஏறத்தாழ 1,00,000 முறை தாங்கும். இரண்டு பிட் வைக்கும் வகை சில ஆயிரம் முறையும், மூன்று பிட் வகை அதைவிடக் குறைவாகவும் தாங்கும். விலை இறங்க இறங்கத் தாங்கும் திறனும் இறங்கியது.

ஈஎம்எம்சி என்பது இந்த ஃபிளாஷோடு ஒரு கன்ட்ரோலரையும் ஒரே உறைக்குள் அடைத்தது. எந்தத் தொகுதி கெட்டது, எது அதிகம் தேய்ந்தது, எந்தத் தகவல் எங்கே நகர்ந்தது என்ற கணக்கையெல்லாம் கன்ட்ரோலரே வைத்துக்கொள்கிறது. அதற்கெனத் தனி ஃபர்ம்வேர் உண்டு. ஆகவே கைபேசிக்குள் இருக்கும் இந்தச் சிப் தன்னளவில் ஒரு சிறு கணினி. அதன் கணக்கேடு குழம்பினால், அறைகள் நல்ல நிலையில் இருந்தாலும் சிப் செத்ததுபோலவே தோன்றும்.

வெளியிலிருந்து பார்த்தால் சிப்பில் நான்கு பகுதிகள் தெரியும். இரண்டு சிறிய பூட் பகுதிகள், பயனர் தரவும் இயங்குதளமும் இருக்கும் பெரும்பகுதி, ஆர்பிஎம்பி எனப்படும் பாதுகாப்புப் பகுதி. கடைசியாகச் சொன்னதுதான் பின்னால் நம்மை அதிகம் தொல்லைப்படுத்தப் போகிறது.

3. பழுதின் மூலங்கள்

முதல் மூலம் தேய்மானம். இதற்குப் பொதுவெளியில் மிகத் தெளிவாகப் பதிவான சான்று ஒரு காரில் கிடைக்கிறது. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிபி ஈஎம்எம்சி இருந்தது. ஒரு தொகுதிக்கு 3,000 சுழற்சி என்ற அளவை அன்றாட எழுத்துவேலை ஐந்தாறு ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும் என்று கணக்கிடப்பட்டது. சிப் தேய்ந்ததும் பின்புறக் கேமராவின் காட்சியும் கண்ணாடியின் பனி நீக்கும் கட்டுப்பாடும் போயின. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் வற்புறுத்தலால் 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டு, 64 ஜிபி ஈஎம்எம்சி கொண்ட போர்டு பொருத்தப்பட்டது. கைபேசியில் நடப்பதும் இதுவே. சேமிப்பிடம் எப்போதும் நிரம்பி வழியும் போனில் கன்ட்ரோலருக்குக் கைமாற்ற இடமில்லாமல், ஒரே தொகுதிகள் திரும்பத் திரும்ப அழிபடுகின்றன.

இரண்டாவது மூலம் ஃபர்ம்வேர் பிழை. 2012இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 3 போன்களில் பல, சில மாதங்களிலேயே எந்த முன்னறிவிப்புமின்றி உயிர்விட்டன. விடியூ00எம் என்று குறியிட்ட 16 ஜிபி சிப்பின் ஃபர்ம்வேரில், தேய்மானத்தைச் சமன்செய்யும் பகுதியில் இருந்த பிழையே காரணம். சாம்சங் தந்த தீர்வு, போன் எழும் ஒவ்வொரு முறையும் சிப்பின் உள்நினைவகத்தில் ஒரு திருத்தத்தைச் செருகுவது. 2017 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்த 34சி3 ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் ஓரன் அவ்ராஹாம் இந்தச் சிப்பின் ஃபர்ம்வேரை வெளியே எடுத்து ஆராய்ந்ததை விளக்கினார். நெடுநாள் செத்துக் கிடந்த எஸ் 3 போன்களைச் சிப்பை மாற்றாமலே எழுப்பியதையும் அவர் அங்கே காட்டினார். குப்பைக்குப் போன போர்டுகள் பலவற்றில் ஃபிளாஷ் அறைகள் கெட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது மூலம் சிப்புக்கு வெளியே உள்ளது. கீழே விழுந்து விரிசல் கண்ட ஈய உருண்டை, நீர் புகுந்த போர்டு, மின்சாரம் தர மறுக்கும் பவர் ஐசி. இவற்றை மெமரி ஐசி பழுது என்று எழுதிவிடுவது கடைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

4. பழுதறிதல்

போன் லோகோவிலேயே நிற்பது, தானே அணைந்து எழுவது, சார்ஜில் போட்டாலும் திரை எழாமல் கணினியில் மட்டும் ‘குவால்காம் 9008’ என்ற பெயரோடு தோன்றுவது, சாம்சங் போன்களில் மென்பொருள் ஏற்றும்போது ‘பிஐடி’ எனும் பகுதி அட்டவணையே இல்லை என்ற செய்தி வருவது: இவை வழக்கமான அறிகுறிகள். தனித்தனியே எதுவும் தீர்ப்பாகாது. கிட்டத்தட்ட தீர்ப்பாகவே கொள்ளத்தக்க அறிகுறி ஒன்று உண்டு. படத்தை அழித்து, போனை அணைத்து எழுப்பினால், அழித்த படம் அப்படியே திரும்ப வந்து நிற்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பழைய தரவு அழியாது. ஆயுள் முடிந்த சிப் படிப்பதற்கு மட்டும் இசைந்து, எழுதுவதை மறுக்கும் நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். இப்படிப்பட்ட சிப்பைக் கண்டால் தரவை மீட்க நல்ல வேளை வாய்த்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதன்மேல் மறுபடி மறுபடி மென்பொருள் ஏற்றிப் பார்ப்பது அந்த வேளையைப் பாழாக்கும்.

மின் அளவீடு முதலில் வர வேண்டும். ஈஎம்எம்சிக்கு இரண்டு வழங்கல்கள் உண்டு. ஃபிளாஷுக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை, தொடர்புக் கம்பிகளுக்குப் பெரும்பாலும் 1.8 வோல்ட். இரண்டும் வராமல் சிப்பைக் குறைசொல்வது நியாயமில்லை.

அடுத்தது சிப்பையே கேட்பது. 2013இல் வந்த ஈஎம்எம்சி 5.0 தரநிலை, சிப்பின் 512 பைட் பதிவேட்டில் மூன்று நலக் குறிகளைச் சேர்த்தது. 267ஆம் பைட், கையிருப்புத் தொகுதிகள் எவ்வளவு கரைந்தன என்பதைச் சொல்லும். 268, 269ஆம் பைட்டுகள் ஆயுளில் எத்தனை பங்கு கழிந்தது என்று பத்துப் பத்து விழுக்காடாகக் காட்டும். ஈசி ஜேடேக், யூஎஃப்ஐ பாக்ஸ் போன்ற கருவிகள் இதை நொடியில் படித்துக் காட்டுகின்றன.

5. கழற்றுவதற்கு முன் படித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஆனால் முழு வேலையின் தலைவிதியும் இங்கேதான் முடிவாகிறது. கட்டளைக் கம்பி, கடிகாரக் கம்பி, ஒரே ஒரு தரவுக் கம்பி, இரண்டு மின்வழங்கல்கள், தரை ஆகியவை போதும். போர்டிலுள்ள சோதனைப் புள்ளிகளிலோ சிறு ரெசிஸ்டர்களின் ஓரத்திலோ மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்து, சிப்பை அசைக்காமலே உள்ளிருப்பதைப் படித்துவிடலாம். கடிகார வேகத்தைக் குறைத்தால், சாதாரணமாகப் பேச மறுக்கும் சிப்பும் சில சமயம் பேசும்.

நேரம் குறைவாக இருந்தால் எதை முதலில் எடுப்பது? பல ஜிபி பயனர் பகுதியை முதலில் தொடக்கூடாது. பூட் பகுதிகளையும் பகுதி அட்டவணையையும் எடுக்க வேண்டும். பிறகு குவால்காம் போன்களில் மோடம்எஸ்டி 1, 2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஆகியவற்றையும், மீடியாடெக் போன்களில் என்விராம், என்விடேட்டா ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். சில எம்பி அளவே உள்ள இவற்றில்தான் ஐஎம்இஐயும் அலைவரிசை அளவுத்திருத்தங்களும் இருக்கின்றன. இயங்குதளத்தை எங்கிருந்தும் திரும்ப ஏற்றலாம். இவற்றுக்கு உலகில் வேறு பிரதி இல்லை.

யூஎஃப்எஸ் வந்த பிறகு இந்த வசதி சுருங்கிவிட்டது. 2015இல் கேலக்ஸி எஸ் 6 யூஎஃப்எஸ் 2.0 சிப்போடு வந்தது. அதன் அதிவேக இணைக்கம்பிகளில் நீளமான ஒட்டுக்கம்பி போட்டுப் படிப்பது ஈஎம்எம்சியைப்போல எளிதில்லை.

6. வெப்பமும் ஈயமும்

ஈயமில்லாப் பற்றாசு உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய வெள்ளீய-ஈயக் கலவைக்கு 183 போதும். பிஸ்மத் கலவை 138இலேயே இளகும். உருகுநிலை தாழ்ந்த கலவையைக் கலந்து தூக்குவது போர்டுக்கு நல்லது. சிப்பின் ஓரத்தில் பசை ஊற்றியிருந்தால் முதலில் மிதமான சூட்டில் அதைச் சுரண்டி எடுக்காமல் சிப்பைத் தூக்கக்கூடாது. தூக்கினால் போர்டின் தடங்கள் கூடவே பிய்ந்து வரும். பிராசஸர் பக்கத்திலோ பின்புறமோ இருந்தால் அதை வெப்பத்திலிருந்து மறைக்க வேண்டும்.

பதறவேண்டாத ஓர் இடமும் உண்டு. 153 உருண்டைகள் கொண்ட ஈஎம்எம்சியில் பெரும்பாலானவை எதனுடனும் இணையாதவை. பிய்ந்த தடம் அவற்றில் ஒன்றாக இருந்தால் போன் பிழைக்கும். வரைபடத்தைப் பார்த்துவிட்டே கலங்க வேண்டும்.

7. புதிய சிப்பின் தேர்வு

தனி ஈஎம்எம்சியாக இருந்தால் உறையும் மின்னழுத்தமும் பொருந்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேறு நிறுவனச் சிப்பும், பெரிய கொள்ளளவும் பல போன்களில் ஏற்கப்படும். விலை குறைந்த போன்களில் ராமும் சேமிப்பும் ஒரே உறையில் வரும் ஈஎம்சிபி சிப் இருக்கும். அங்கே ராமின் வகையும் பொருந்தியாக வேண்டும். மீடியாடெக் போன்களை எழுப்பும் தொடக்க நிரலான ப்ரீலோடர், தான் அறிந்த சிப்புகளின் பட்டியலைச் சுமந்திருக்கிறது. பட்டியலில் இல்லாத ஈஎம்சிபியைப் பொருத்தினால், வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போன் எழாது. அதே போன்களில் சிப்பின் 179ஆம் பைட்டைப் பதினறும எண் 48 என்று அமைக்க வேண்டும். முதல் பூட் பகுதியிலிருந்து எழச் சொல்லும் கட்டளை அது. இதை மறந்துவிட்டு ரீபாலைக் குறைசொல்பவர்கள் உண்டு.

பழைய போர்டிலிருந்து எடுத்து விற்கும் சிப்புகளில் இரண்டு குற்றங்கள் மறைந்திருக்கும். ஒன்று தேய்மானம், நலக் குறிகளைப் படித்தால் வெளிப்பட்டுவிடும். மற்றொன்று ஆர்பிஎம்பி. அந்தப் பகுதிக்கான 32 பைட் சாவி ஒரே ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது. எழுதிய பிராசஸர்தான் அதற்குப் பிறகு அங்கே எழுத முடியும். வேறொரு போனில் வாழ்ந்த சிப் அந்தப் போனின் சாவியோடு வருகிறது. போன் எழலாம், அழைக்கலாம். ஆனால் கைரேகை பதியாது, பாதுகாப்புச் சேமிப்பு பிழை காட்டும். ஆகவே சாவி எழுதப்படாத புதுச் சிப்பையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

8. தரவு: எது மீளும், எது மீளாது

2012ஆம் ஆண்டுப் போன் ஒன்றைக் கழற்றிப் படித்தால் பெரும்பாலும் படங்கள் படங்களாகவே வெளிவரும். ஆண்ட்ராய்டு 5.0 தொட்டு மறைகுறியாக்கச் சாவி பிராசஸரின் பாதுகாப்புப் பகுதியோடு பிணைக்கப்பட்டது. 6.0 முதல் திறனுள்ள புதிய போன்களில் மறைகுறியாக்கம் கட்டாயமானது. 7.0 கோப்புவாரி மறைகுறியாக்கத்தைக் கொண்டுவந்தது. 10ஆம் பதிப்போடு வெளியாகும் புதிய போன்களுக்கு அதுவே விதியாயிற்று. ஐபோனில் 2009இன் 3ஜிஎஸ் முதலே வன்பொருள் மறைகுறியாக்கம் உண்டு. இந்தப் போன்களில் சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் கிடைப்பது பொருளற்ற எண்குவியல்.

சிப்பும் பிராசஸரும் சேர்ந்திருந்தால் கதை வேறு. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கேய் ஸ்கோரோபோகாடோவ் ஐபோன் 5சியின் நேண்ட் சிப்பைக் கழற்றி, பிரதியெடுத்து, கடவுஎண் முயற்சிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் தலைவர் அம்முறை பலிக்காது என்று சொல்லியிருந்த நேரம் அது. சாவி அந்தப் போனின் பிராசஸரை விட்டு வெளியே வராததால், சோதனை முழுதும் அதே போர்டில் நடந்தது. இன்று தரவு மீட்பவர்கள் செத்த போர்டிலிருந்து பிராசஸரையும் சிப்பையும் சேர்த்தே வேறொரு நல்ல போர்டுக்கு (டோனர் போர்டு) மாற்றுவது இதே காரணத்தால்தான்.

ஆகையால் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “உங்களுக்குப் போன் வேண்டுமா, உள்ளே இருக்கிறது வேண்டுமா?” போன் என்றால் புதுச் சிப். உள்ளிருப்பது என்றால் பழைய சிப்பையே ரீபால் செய்தோ மின்வழங்கலைச் சரிசெய்தோ ஒருமுறையாவது எழுப்ப வேண்டும். இரண்டையும் தருகிறேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுப்பவரிடம் போனைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

9. அடையாளமும் சட்டமும்

முன்கூட்டிப் பிரதி எடுக்காமல் மாற்றிய போனில் ஐஎம்இஐ இருக்காது. வலையமைப்பு கிடைக்காது. அப்போது ஏதோ ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பது குற்றம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் கருவி அடையாள எண்ணைத் திருத்துவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. மூன்று ஆண்டு வரை சிறை. சென்னை ரிச்சி தெருவில் நேர்மையாகத் தொழில்செய்யும் ஒருவருக்கு இதனால்தான் ஐந்தாம் பிரிவில் சொன்ன சில எம்பி பிரதி அவ்வளவு முக்கியம். போனின் சொந்த எண்ணைப் போனுக்கே திருப்பித் தருவதற்கும் வேறோர் எண்ணை ஏற்றுவதற்கும் உள்ள எல்லை அந்தக் கோப்பில் இருக்கிறது. ஐபோனிலும் வரிசை எண், வைஃபை, புளூடூத் முகவரிகளைப் பழைய சிப்பிலிருந்து எடுத்துப் புதியதில் எழுதிய பிறகே மென்பொருளை மீளேற்ற முடியும்.

10. உதிரிபாக உரிமையில் ஓர் இடைவெளி

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள கைபேசி விதி, பேட்டரி, திரை, கேமரா, சார்ஜ் முனை, பொத்தான் போன்ற உதிரிபாகங்களை விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. சேமிப்புச் சிப் அந்தப் பட்டியலில் இல்லை. திரையும் பேட்டரியும் நன்றாக இருந்தும் போன் முழுதாகச் சாவது பல நேரம் இந்தச் சிப்பால்தான் என்பதை எண்ணினால், இதைப் பெருங்குறை என்றே சொல்ல வேண்டும்.

அதைவிட எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியிலுள்ள லினக்ஸ் கரு, ஈஎம்எம்சியின் ஆயுள் குறிகளை ‘லைஃப் டைம்’ என்ற கோப்பில் ஏற்கெனவே எழுதிவைக்கிறது. உரிமையாளர் அதைத் திறந்து பார்க்கச் சாதாரணமாக வழியில்லை. பேட்டரியின் நலத்தை 2018 முதல் ஐபோன் செட்டிங்ஸில் காட்டுகிறது. அதனால் ஒருவரும் பீதியடையவில்லை, தக்க நேரத்தில் பேட்டரியை மாற்றிக்கொண்டார்கள். சிப்பின் ஆயுளில் தொண்ணூறு விழுக்காடு கழிந்துவிட்டது என்று ஒரு வரி தெரிந்தால், பிள்ளையின் முதல் நடையைப் படம்பிடித்து வைத்திருப்பவர் அன்றைக்கே பிரதி எடுத்துவிடுவார். அந்த வரியைக் காட்டப் போன் தயாரிப்பவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.