அடிபட்டாலும் வலிக்காது: சிம் ரேசிங்கில் நேர்மை வளர்ந்த கதை

2020 மே 2. கொரோனா முடக்கத்தில் ரேஸ் பாதைகள் எல்லாம் மூடிக்கிடந்த காலம். அமெரிக்காவின் இன்டிகார் சாரதிகள் அவரவர் வீட்டில் ஸ்ரியரிங்கைப் பூட்டிக்கொண்டு, ஐரேசிங் என்ற மென்பொருளுக்குள் இருக்கும் இன்டியானாபொலிஸ் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிய இன்னும் சில சுற்றுகள்தான். விருந்தாளியாக வந்த போர்முலா 1 சாரதி லாண்டோ நொறிஸ் வெற்றிக்கான நிலையில் இருந்தார். முன்னர் நடந்த ஒரு மோதலால் பின்தங்கிப்போன சைமன் பஜெனோ, நொறிஸுக்கு முன்னால் தன் காரை வேண்டுமென்றே மெதுவாக்கினார். நொறிஸ் போய் மோதினார். அவரின் ரேஸ் அதோடு முடிந்தது. மோதவேண்டும் என்று நினைக்கவில்லை, கொஞ்சம் வேகத்தைக் குறைக்க வைக்கத்தான் பார்த்தேன் என்று பிறகு பஜெனோ விளக்கம் சொன்னார்.

பஜெனோ சின்னப் பெடியன் இல்லை. அதற்கு முதல் வருடம், 2019இல், அதே இன்டியானாபொலிஸில் உண்மையான 500 மைல் போட்டியை வென்றவர். உண்மையான பாதையில், மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் பின்னால் வரேக்க இப்படிச் செய்திருப்பாரா? செய்திருக்கவே மாட்டார். ஆளும் அதே ஆள், பாதையும் அதே பாதை. இல்லாமல் போனது ஒன்றுதான்: உடம்புக்கு வரும் ஆபத்து.

அடிபட்டால் வலிக்காது, கார் உடைந்தால் காசு போகாது என்ற இடத்தில் ஒரு மனுசனை நேர்மையாக விளையாட வைப்பது எது? ஒன்லைன் சிம் ரேசிங்கின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டின வரலாறுதான்.

1967ஐ வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள்

சிம் ரேசிங் எண்டால் போனில் விளையாடும் கார் கேம் போல இல்லை. ரயரின் சூடு, எரிபொருளின் பாரம், பாதையின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, உண்மையான கார் எப்படி நடக்குமோ அப்படி நடக்க வைக்கும் முயற்சி. இதன் முன்னோடிகளில் முக்கியமானது டேவிட் கேமரும் ஓமர் குதாரியும் அமெரிக்காவில் தொடங்கிய பப்பிரஸ் நிறுவனம். 1989இல் அவர்கள் இன்டியானாபொலிஸ் 500ஐக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அதில் கனபேருக்குப் பிடித்த விளையாட்டு என்ன தெரியுமா? காரைத் திருப்பி, எதிர்த்திசையில் ஓடி, வருகிற கார்களோடு போய் மோதுவது. அதில் ஒரு பிழையும் இல்லை. எதிரில் வந்தது கணினி ஓட்டின கார், யாருக்கும் மனம் நோகவில்லை.

1998இல் அதே நிறுவனம் கிரான்ட் பிறீ லெஜன்ட்ஸை வெளியிட்டது. 1967ஆம் ஆண்டின் போர்முலா 1 பருவத்தை அப்படியே மீட்டெடுத்த சிம். அந்தப் பருவம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். 1967 மே 7ஆம் திகதி மொனாக்கோவில் லொரென்சோ பன்டினியின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. மூன்று நாளில் அவர் இறந்துபோனார். சில்லு வெளியே தெரியும் அந்தக் கார்களில் ஒருவரின் சில்லு மற்றவரின் சில்லில் பட்டால் கார் காற்றில் எழும்பும். ஆகவே அந்தக் காலத்துச் சாரதிகள் ஒருவருக்கொருவர் இடம் விட்டுத்தான் ஓடினார்கள். அவர்களுக்கு விதிப்புத்தகம் தேவைப்படவில்லை, மரண பயம் அந்த வேலையைச் செய்தது.

முப்பது வருடம் கழித்து, அதே கார்களை இணையத்தில் ஒன்றோடொன்று ஓடவிட்டபோது அந்தப் பயம் மட்டும் கூட வரவில்லை. ஆனால் இப்போது எதிரில் வந்த காருக்குள் ஒரு ஆள் இருந்தார். இரண்டு கிழமை இரவிரவாகப் பயிற்சி செய்துவிட்டு வந்து, முதல் வளைவிலேயே யாரோ ஒருவரின் அவசரத்தால் வெளியே போனவருக்கு வலித்தது. உடம்பில் இல்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் லீக்குகள் வேலை செய்தன. ஒரே ஆட்கள், ஒவ்வொரு கிழமையும் ஒரே நேரத்தில், ஒரு புள்ளிப்பட்டியலுக்காக ஓடுவதுதான் லீக். மோதல் நடந்தால் ரிப்ளேயைப் பார்த்து முடிவு சொல்ல நடுவர்கள். அதைவிடப் பெரிய காவல் வெட்கம். இன்று ஒருவரை இடித்துவிட்டு அடுத்த கிழமை அவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சின்ன ஊர் மாதிரி.

இதில் உண்மையான பாதையில் இல்லாத ஒரு சிக்கலும் இருந்தது. 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 55 மீற்றர் போகும். இணையத்தில் தகவல் வந்துசேர ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால், அதற்குள் கார் ஐந்தரை மீற்றர் நகர்ந்துவிடும். அது ஒரு முழுக் காரின் நீளம். அந்த இடைவெளியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஆகவே உங்கள் திரையில் நீங்கள் தொடவே இல்லை, அவரின் திரையில் நீங்கள் இடித்துத் தள்ளிவிட்டீர்கள். இரண்டு பேரும் உண்மையே பேசுகிறார்கள். சுழன்று நின்ற கார் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும், பாதைக்குத் திரும்ப முதல் மற்றவர்கள் போகும்வரை காத்திருக்கவேண்டும் என்ற வழக்கங்களுக்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். அசையாத காரை மென்பொருளும் சரியாக ஊகிக்கும், பின்னால் வருபவரும் ஊகிப்பார்.

பிழை யாருடையது என்று கேட்காத இயந்திரம்

சின்ன ஊரின் வெட்கம் பெரிய பட்டணத்தில் செல்லாது. பப்பிரஸுக்குப் பிறகு கேமர், ஜோன் ஹென்றி என்ற செல்வந்தரோடு சேர்ந்து 2004இல் ஐரேசிங்கைத் தொடங்கினார். 2008இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள் ஒரே ரேஸில் நிற்கப்போகிறார்கள். அதற்கு அவர்கள் செய்த முதல் வேலை, புனைபெயரைத் தடுத்தது. சொந்தப் பெயரில்தான் ஓடவேண்டும்.

இரண்டாவது, வேகத்துக்கு ஒரு மதிப்பெண், கவனத்துக்கு வேறொரு மதிப்பெண் என்று பிரித்தது. பாதையை விட்டு விலகினால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. எத்தனை வளைவுகளைக் கடந்தீர்கள், அதற்குள் எத்தனை புள்ளி சேர்ந்தது என்று பார்த்து உங்கள் பாதுகாப்பு மதிப்பெண் ஏறும், இறங்கும். அது குறைவாக இருந்தால், நீங்கள் எவ்வளவு வேகமானவர் என்றாலும் மேல் வகுப்பு அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

இதில்தான் இன்றுவரை சண்டை நடக்கும் இடம் வருகிறது. மோதலில் அந்த 4 புள்ளி இரண்டு பேருக்கும் விழும். இடித்தவருக்கும் 4, இடி வாங்கினவருக்கும் 4.

கேட்டவுடன் கோபம் வரும். தெருக் கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குச் சண்டை வந்து, ரெண்டு பேரும் வெளியால போங்கோ எண்டு சொன்ன மாதிரி. ஆனால் கொஞ்சம் யோசித்தால் விளங்கும். இரண்டு திரையில் இரண்டு உண்மை தெரியும் விளையாட்டில், பிழை யாருடையது என்று ஒரு நிரலால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கேள்வியையே அது கைவிட்டது. பதிலாக எல்லாரிடமும் ஒன்றைக் கேட்டது: இந்த மோதலைத் தவிர்க்க உன்னால் ஏதாவது செய்திருக்க முடியுமா? ஒவ்வொரு ரேஸிலும் பார்த்தால், கனநேரம் ஏதோ ஒன்று செய்திருக்கலாம். முன்னுக்குப் போகிறவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தும் ஒட்டிக்கொண்டு போயிருக்கத் தேவையில்லை. ஆவேசமாக வருபவரை இந்த வளைவில் விட்டுவிட்டு அடுத்ததில் பிடித்திருக்கலாம்.

மற்ற வழியையும் முயன்று பார்த்தார்கள். 2017இல் வந்த கிரான் ரூரிஸ்மோ ஸ்போர்ட், சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எப்.ஐ.ஏ.யோடு சேர்ந்து உருவானது. ஒன்லைன் போட்டிக்குள் போக முதல் ஓட்ட ஒழுக்கம் பற்றிய இரண்டு வீடியோக்களைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. அது மோதலில் பிழைகாரரைக் கண்டுபிடித்து நேரத் தண்டனை கொடுக்கப் பார்த்தது. இடி வாங்கினவருக்கே தண்டனை விழுந்த கதைகளால் ஆட்கள் கொதித்தார்கள். தண்டனை முறையைத் திரும்பத் திரும்ப மாற்றவேண்டி வந்தது.

தொழில்காரர்கள் வந்த வருடம்

2020இல் உண்மையான சாரதிகள் கூட்டமாக இந்த உலகத்துக்குள் வந்தபோது, பொழுதுபோக்குக்காரர்களைவிட ஒழுங்காக ஓடுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு.

ஏப்ரல் 12ஆம் திகதி, நாஸ்கார் சாரதி கைல் லார்சன் ஒரு ஐரேசிங் போட்டியில், தன் ஆளோடு மட்டும் பேசுவதாக நினைத்து மைக்கில் ஒரு இனவெறிச் சொல்லைச் சொன்னார். எல்லாருக்கும் கேட்டுவிட்டது. நாஸ்காரும் ஐரேசிங்கும் அவரை இடைநிறுத்தின. இரண்டு நாளில் அவரின் அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த மாதம், போர்முலா ஈயின் வீட்டுப் போட்டியில் டானியல் ஆப்ட் மூன்றாவதாக வந்தார். அவர் அவ்வளவு வேகமில்லையே என்று சக போட்டியாளர்களுக்குச் சந்தேகம். விசாரித்தால், ஸ்ரியரிங்கைப் பிடித்தது லொரென்ஸ் ஹோர்சிங் என்ற தொழில்முறை சிம் சாரதி. ஆப்ட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார், 10,000 யூரோவைத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கும்படி பணிக்கப்பட்டார், அவுடி அணியில் இருந்த இடமும் போனது. பகிடியாகச் செய்தது என்பது அவரின் விளக்கம்.

இது ஒரு கேம்தானே என்ற நினைப்பு இந்த மூன்று சம்பவத்திலும் இருக்கிறது. பொழுதுபோக்குக்காரருக்கு அந்த நினைப்பு வராது. அவருக்கு இதற்கு வெளியே வேறு ரேஸ் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட புள்ளிக்கணக்கால் பிடித்திருக்க முடியாது. லார்சனின் சொல்லும் ஆப்டின் ஆள்மாறாட்டமும் அந்தக் கணக்கிலேயே வராது. பஜெனோவும் நொறிஸும் மோதினால் அதற்குத் தெரிவது ஒரு பலமான மோதல் மட்டும், இரண்டு பேருக்கும் 4. நோக்கம் என்ன என்பதைக் கண்டுபிடிக்க மனுசர்தான் தேவை. 1997இல் ஹெரெஸில் மைக்கல் ஷூமாக்கர் வில்நெவின் காரோடு மோதியபோதும், அதை விசாரித்து முழுப் பருவப் பட்டியலிலிருந்தே அவரை நீக்கியது மனுசர் கூடிய சபை ஒன்றுதான். அதனால்தான் நல்ல லீக்குகள் இரண்டையும் வைத்திருக்கின்றன. கவனத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவர இயந்திரத்தின் புள்ளி. வஞ்சத்தை விசாரிக்க நடுவர். கோபம் ஆறட்டும் என்று ஒரு நாள் கழித்துத்தான் முறைப்பாடு எடுப்போம் என்று சொல்லும் லீக்குகளும் இருக்கின்றன. ஓடேக்க மைக்கில் சண்டை பிடிக்கக்கூடாது என்பதும் அதே காரணத்துக்குத்தான்.

ஒரு வழக்கம் மட்டும் புள்ளியாலும் வந்ததில்லை, தண்டனையாலும் மட்டும் வந்ததில்லை. பின்னால் வந்து ஒருவரைத் தெரியாமல் தட்டி, அவர் சுழன்று போனால், தட்டினவர் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிற்பார். சுழன்றவர் காரை நேராக்கிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, அவரை முன்னுக்கு விட்டுவிட்டுத்தான் திரும்ப ஓடத் தொடங்குவார். அதற்குள் நாலைந்து பேர் இரண்டு பேரையும் கடந்து போயிருப்பார்கள். ஏற்கெனவே விழுந்த 4 புள்ளியை அது அழிக்காது. ரிப்ளேயை யாரும் திறந்து பார்க்காமலும் போகலாம். ஆனாலும் ஒரு கிழமை நாள் இரவில், ஏதோ ஒரு லீக்கில், பன்னிரண்டாம் இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.