மறுபடியும் அதே முகம்: அவசர சிகிச்சைப் பிரிவின் வேண்டா விருந்தாளிகள்

மருத்துவ வரலாறு என்றால் பெனிசிலின் வந்த கதையும் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்த கதையுமே பெரும்பாலும் நினைவுக்கு வரும். நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் ஒருவரைக் கண்டதும், கடமையிலிருக்கும் தாதியும் வைத்தியரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்களே, அந்தப் பெருமூச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்ற வாரம் வந்தவர், அதற்கு முந்திய வாரமும் வந்தவர், அன்று சத்தமிட்டுவிட்டுப் போனவர் இன்று மீண்டும் வந்து நிற்கிறார். அவரை என்ன செய்வது? மேலைநாட்டு வைத்தியர்கள் இந்தக் கேள்வியை எழுத்தில் எதிர்கொள்ளத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

1951 பெப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் றிச்சர்ட் அஷர் என்பவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இலண்டன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி வைத்தியர். (பீற்றில்ஸ் புகழ் போல் மக்கார்ட்னியின் அந்நாளைய காதலியான நடிகை ஜேன் அஷரின் தந்தையும் இவர்தான். வைத்தியத்தில் அக்கறையில்லாத வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இல்லாத நோயை நாடகபாணியில் நடித்துக்காட்டி, அனுமதி பெற்று, சிலவேளை வயிற்றை அறுக்கவும் இடங்கொடுத்து, பின்னர் சண்டையிட்டுக்கொண்டு வெளியேறும் ஒரு கூட்டத்தாரை அவர் விபரித்தார். வயிற்றுவலிக்காரர், இரத்தம் கக்குபவர், வலிப்பு முதலான நரம்புக் கோளாறு காட்டுபவர் என மூன்று வகையினர். தன் சாகசங்களைப் பற்றி அளந்துவிடுவதில் பேர்பெற்ற ஜேர்மன் பிரபு மன்சோசனின் பெயரையே இந்நிலைக்குச் சூட்டினார். வயிறு முழுவதும் பழைய தழும்புகள், கைப்பை நிறைய வெவ்வேறு ஆஸ்பத்திரிகளின் அட்டைகள் ஆகியன அவர் தந்த அடையாளங்களுட் சில.

அதுவரை ஏமாந்த ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தான் மட்டுமே ஏமாந்ததாக எண்ணியிருக்கும். அஷர் பெயரிட்ட பின்னர் அது எல்லோருக்கும் பொதுவான அனுபவமாயிற்று. ஆயினும் பெயரிடுதலில் ஓர் ஆபத்தும் இருந்தது. தழும்பு நிறைந்த வயிறு சந்தேகத்துக்குரியது என்று படித்த இளம் வைத்தியர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய சத்திரசிகிச்சையின் விளைவாகவே வயிற்றினுள் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அந்த ஒட்டுகளால் பின்னாளில் குடல் அடைபடுவதும் உண்டு. ஆகவே இருபது தடவை பொய்யாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் இருபத்தோராவது தடவை மெய்யாகவே சாகக் கிடக்கலாம். புலி வருகிறது என்று கத்திய இடையனின் கதையில் ஊரார் வீட்டிலேயே இருந்துவிட்டனர். வைத்தியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இந்த வரிசையில் ஒருவர் கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பிடித்தார். ஐம்பது ஆண்டுகளில் 100 ஆஸ்பத்திரிகள், 22 புனைபெயர்கள், சிறிதும் பெரிதுமாக 400 சத்திரசிகிச்சைகள் என்கிறது அந்தப் பதிவு. ஆஸ்பத்திரிக்கு வெளியே அவர் தொடர்ச்சியாகக் கழித்த மிக நீண்ட காலம் ஆறு மாதமாம். 1979 இல் அவர் ஒரு முதியோர் இல்லத்தில் ஒதுங்கினார் என்றும் அப்பதிவு முடிகிறது. படிப்போர் சிரிக்கலாம். நானூறு முறை கத்தியைப் பிடித்தவர்களும் படித்த வைத்தியர்களே என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1978 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரே ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தோடு தொடர்புடைய இரண்டு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று நாவல். சாமுவேல் ஷெம் என்ற புனைபெயரில், பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியராக இருந்தவர் எழுதிய 'த ஹவுஸ் ஒஃப் கோட்'. திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படும் வயோதிப நோயாளரை அதில் வரும் இளம் வைத்தியர்கள் 'கோமர்' என்று அழைப்பர். 'என் அவசர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே போ' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துக்களே அச்சொல். நோயாளியை வேறொரு பிரிவின் தலையில் கட்டிவிடும் கலைக்கும் அந்நூலில் தனிச்சொல் உண்டு. மூத்த வைத்தியர் பலர் சினந்தனர். மருத்துவ மாணவர்களோ அதை இன்றும் படிக்கின்றனர்.

மற்றையது 'நியூ இங்கிலாந்து' மருத்துவ சஞ்சிகையில் உளமருத்துவர் ஜேம்ஸ் குறோவ்ஸ் எழுதிய கட்டுரை. வெறுப்பூட்டும் நோயாளியைப் பராமரித்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். வெறுப்பு என்ற சொல்லை மறைக்காமல் பாவித்ததே அதன் புதுமை. அவர் நான்கு வகையினரைக் கண்டார். முதலில் நன்றி சொல்லிப் பின்னர் விடாது ஒட்டிக்கொள்பவர். மிரட்டி உரிமை கேட்பவர். எந்த மருந்தும் பலனளிக்கவில்லை என்று ஏறத்தாழ வெற்றிக்களிப்போடு திரும்பி வருபவர். குடித்துக் குடித்துத் தம்மையே அழித்துக்கொண்டு உதவியையும் தோற்கடிப்பவர்.

மிரட்டுபவரோடு உரிமை பற்றி வாதிடாதீர்கள், நல்ல சிகிச்சை பெற அவருக்கு உரிமை உண்டென்பதை ஒப்புக்கொண்டு அந்த வேகத்தைச் சிகிச்சையின் பக்கம் திருப்புங்கள் என்றார் குறோவ்ஸ். மூன்றாம் வகையினரிடம் 'உங்களைக் குணப்படுத்திவிடுவேன்' என்று சொல்வது வீண். குணமாகிவிட்டால் வைத்தியரை இழந்துவிடுவோம் என்பதே அவர்களின் அச்சம். எனவே அவர்களின் அவநம்பிக்கையில் பங்குகொண்டு, குணமானாலும் ஆகாவிட்டாலும் மறுபடி சந்திக்க நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். நான்காம் வகையினரைப் பற்றி எழுதும்போது, இவர் செத்துத் தொலைந்தால் நல்லது என்ற எண்ணம் வைத்தியரின் உள்ளத்திலே எழுவதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்த எண்ணம் எழுவது குற்றமன்று, எழவில்லை என்று நடிப்பதே நோயாளிக்கு ஆபத்து என்பது அவர் கருத்து. மனத்தில் எழும் வெறுப்பையே நோயாளியைப் பற்றிய ஒரு தகவலாகக் கொள்ளச் சொன்னார்.

மறு ஆண்டு, 1979 இல், றொஜர் ஜெஃப்ரி என்ற சமூகவியலாளர் இங்கிலாந்தின் விபத்துப் பிரிவுகளில் தாம் கண்டதை எழுதினார். அங்கே ஊழியர்கள் நோயாளரை நல்லவர், குப்பை என இரண்டாகப் பிரித்திருந்தனர். அற்ப முறைப்பாட்டோடு வருபவர், குடிகாரர், மருந்தை அளவுமீறி விழுங்கியவர், வீடற்று அலைபவர் ஆகியோரே குப்பை. அவர்களுக்குத் தண்டனையும் இருந்தது: காக்கவைத்தல், முகங்கொடுத்துப் பேசாமை, கடுஞ்சொல்.

இவ்விடத்தில் நம் நாட்டை மறந்துவிட்டு எழுத இயலவில்லை. இளம் நிருபராக இரவுச் செய்திக்கென ஆஸ்பத்திரி நடைபாதைகளில் நின்ற காலத்தில், நஞ்சருந்திக் கொண்டுவரப்பட்டவர்களை ஏசும் குரல்களை நான் கேட்டிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு முக்கியமன்று. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. ஒரு விடுதியில் ஒரே இரவில் நாலைந்து பேரோடு போராடிய தாதியின் களைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தற்கொலை முயற்சி 1998 வரை இங்கே தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கச் சட்டமே கற்றுக்கொடுத்த பின்னர், ஏசியவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இங்கிலாந்து அந்தச் சட்டத்தை 1961 இலேயே கைவிட்டிருந்தது.

அமெரிக்காவிலே பிரச்சினை பணத்தின் உருவிலும் வந்தது. காப்புறுதியற்ற நோயாளரைத் தனியார் ஆஸ்பத்திரிகள் அம்புலன்சில் ஏற்றி, சிக்காகோவின் குக் கவுண்டி போன்ற பொது ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய்த் தள்ளின. அதைத் தடுக்க 1986 இல் வந்த சட்டம், அரச மருத்துவக் காப்புறுதிப் பணத்தை ஏற்கும் ஆஸ்பத்திரிகள் அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பரிசோதித்து, ஆபத்திருப்பின் நிலைப்படுத்தியே ஆகவேண்டும் என்றது. கதவு திறந்தது. அதன் பின்னால் வீடும் இல்லை, வேலையும் இல்லை, குடும்ப வைத்தியரும் இல்லை என்ற நிலை மட்டும் மாறவில்லை.

அந்த இல்லாமையையே குறிவைத்தவர் நியூ ஜேர்சி மாநிலத்தின் வறிய நகரமான கம்டனில் பணியாற்றிய டொக்டர் ஜெஃப்ரி பிறென்னர். 2000களின் தொடக்கத்தில் அந்நகர ஆஸ்பத்திரிகளின் கட்டணப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயாளரில் ஒரு சதவீதத்தினர் செலவில் முப்பது சதவீதத்துக்குக் காரணமாயிருந்தனர். ஒருவர் ஐந்தாண்டுகளில் 324 தடவை அனுமதிக்கப்பட்டிருந்தார். அத்தகையோரைத் தேடிச்சென்று, தாதியரும் சமூகப் பணியாளரும் வீட்டுவாசல் வரை போய் மருந்தையும் கிளினிக் நாளையும் ஒழுங்குபடுத்தினர். 2011 இல் அதுல் கவாண்டே 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையால் கம்டன் புகழ்பெற்றது. பிற நகரங்களும் பின்பற்றின.

பிறகு பிறென்னரின் அமைப்பு எல்லோரும் செய்யாத ஒன்றைச் செய்தது. தன் திட்டத்தைத் தானே சோதனைக்கு உட்படுத்தச் சம்மதித்தது. 800 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்தக் கவனிப்பும் மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் அளித்தனர். 2020 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுள் மீண்டும் அனுமதிக்கப்பட்டோர் கவனிக்கப்பட்ட பிரிவில் 62.3 சதவீதம், மற்றைய பிரிவில் 61.7 சதவீதம். இரு பிரிவினரும் முன்னரைவிடக் குறைவாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தனர். மிக மோசமான கட்டத்தில் ஒருவரைப் பிடித்து எண்ணத் தொடங்கினால், எவரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த கட்டத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் தாழும். ஒப்பிடுவதற்கு ஒரு பிரிவு இல்லாத ஆண்டுகளில் அந்தத் தாழ்வையெல்லாம் வெற்றியாகவே கணக்கிட்டிருந்தனர்.

பிறென்னர் 2017 இலேயே அங்கிருந்து விலகி ஒரு பெரிய காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலை, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வரும் வீடற்ற நோயாளருக்குக் குடியிருப்பு ஏற்பாடு செய்வதாகும்.