தோட்டத்துத் திருமணமும் மொய்ப் புத்தகமும்



லோபாக் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர், நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் உள்ளது. அங்கு நம் முன்னோர் கண்ட மணமுறையை அறிவது, நம் பிள்ளைகளின் நலனுக்கும் துணையாகும்.

தொடக்கத்தில் தோட்டங்களுக்கு வந்தோருள் ஆடவரே மிகுதி. கங்காணிகள் தத்தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டியபின் குடும்பங்கள் பெருகின. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் பெண்ணோ மாப்பிள்ளையோ பெரும்பாலும் இங்கேயே தேட வேண்டியதாயிற்று. மாமன் மகளும் அத்தை மகனும் கடலுக்கு அப்பால் இருக்க, அடுத்த லயத்தாரையே மாமன், அத்தை என்றழைத்து உறவாக்கிக்கொண்டனர்.

பரிசம் போடுதல், பந்தக்கால் நடுதல், நலங்கு, மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுதல் என மணவினை நடந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அவரது இயக்கம் பரப்பிய சீர்திருத்தத் திருமணமும் இங்கு இடம்பெற்றது. புரோகிதர் இருப்பினும் இல்லாவிடினும் சாட்சி ஒன்றே. அது தோட்டத்து மக்கள். யார் எத்தனை வெள்ளி மொய் வைத்தார் என்பதை எழுதி வைத்தனர்; திருமணத்தை எழுதி வைக்கவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழவில்லை.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. அதற்கு முன் மரபுப்படி நடந்து நிலைத்திருந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றது. இந்துக்கள் தாய்மாமனை மணக்கும் வழக்கத்திற்கும் விலக்களித்தது. நம் மரபைச் சட்டம் மறுக்கவில்லை, எழுத்தையே கேட்டது.

பின்னாளில் லயங்கள் இடிந்தன, சாட்சிகள் சிதறினர். தாலி மட்டும் கட்டிப் பதியாது விட்டோரின் துன்பம் பிள்ளைகள் மேல் விழுந்தது. மணப்பதிவு இல்லையெனில், குழந்தையின் குடியுரிமையைத் தாயின் நிலை கொண்டே முடிவு செய்வர். தாயிடம் குடியுரிமை இல்லையேல், தந்தை குடிமகனாயினும் பிள்ளையின் நிலை கேள்விக்குறியாகும். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும்போதே பலர் இதனை உணர்கின்றனர்.

ஆகவே பெற்றோர்களே, கோயிலில் மணம் முடித்தாலும் பதிவை மறவாதீர். ஆசிரியர்களே, பிறப்புப் பத்திரத்தில் சிக்கலுள்ள பிள்ளையைக் கண்டால், பெற்றோரைத் தேசியப் பதிவுத் துறைக்கு அனுப்பி வையுங்கள். மொய்க்குக் கணக்கு எழுதிய சமுதாயம், மணத்திற்கும் எழுதட்டும்.