ஃபோர்க்லிஃப்ட் கவிழும்போது வெளியே குதிக்கக் கூடாது... ஏன் தெரியுமா? குடோனில் வேலை பார்ப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஆன்லைனில் ஆர்டர் போட்ட மிக்ஸி முதல் கார் உதிரி பாகம் வரை, பல பொருட்கள் எங்கோ ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் தூக்கி இறக்கிய பிறகுதான் நம்ம கைக்கு வருது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இந்த வண்டி இல்லாத ஷெட்டைப் பார்ப்பதே கஷ்டம். பார்க்க சின்னதாத்தான் இருக்கும். ஆனா 2.5 டன் தூக்கக்கூடிய ஒரு ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே ஏறக்குறைய 3.5 டன். மூன்று சின்ன கார்களை ஒன்றாக வைத்தாலும் அவ்வளவு எடை வராது!

ஆபரேட்டர்களின் உயிரைப் பறிக்கும் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் முக்கியமானது, வண்டி பக்கவாட்டில் கவிழ்வது.

நாலு சக்கரம் இருந்தும் ஏன் கவிழுது?

நாலு சக்கரம் இருக்கு, ஆனா வண்டி நிற்பது மூன்று புள்ளிகளில். முன்பக்கம் இரண்டு சக்கரங்கள். பின்பக்க ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின் மேல் ஆடிக்கொண்டு இருக்கும். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியும் லோடும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை பிரச்னை இல்லை. அதைத் தாண்டினால், வண்டி சாயும்.

லோடை உயரத் தூக்கிக்கொண்டே திரும்புவது, வேகமாக வளைப்பது, ஒரு சக்கரம் குழியில் இறங்குவது... இது எல்லாமே அந்த மையத்தை வெளியே தள்ளும். பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று: லோடு இல்லாத காலி வண்டி, பக்கவாட்டில் இன்னும் சுலபமாகக் கவிழும். காலியாக இருக்கும்போது எடை மையம் பின்னால் போய்விடும், அங்கே முக்கோணம் குறுகலாக இருக்கும். "காலி வண்டிதானே" என்று வேகம் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அதனால்தான் ஓட்டும்போது ஃபோர்க்கைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், மாஸ்ட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

சரி, கவிழ ஆரம்பிச்சா என்ன செய்யணும்?

முதலில் தோன்றுவது குதித்துத் தப்பிக்கத்தான். அதுதான் ஆபத்து. வண்டி சாயும் வேகத்துக்கு மனிதனால் தாண்டி ஓட முடியாது. குதிப்பவர் விழும் இடத்திலேயே, தலைக்கு மேலே இருக்கும் பாதுகாப்புக் கூண்டு வந்து விழும். ஆபரேட்டரைக் காப்பாற்ற வைத்த கூண்டே ஆளை நசுக்கிவிடும்.

சீட்டில் உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றால் உள்ளேயே இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். "நாலு தடவை ஏறி இறங்கணும், பெல்ட் எதுக்கு?" என்ற பேச்சு எல்லா குடோனிலும் உண்டு. கவிழும் அந்த ஒரு நொடியில் பெல்ட்டைத் தேட முடியாது.

ஒரு விதிவிலக்கு இருக்கு. நின்றுகொண்டே ஓட்டும், பின்பக்கம் திறந்திருக்கும் வகை வண்டிகளில், பின்னோக்கி இறங்கி விலகுவதுதான் சரி. நீங்கள் ஓட்டுவது எந்த வகை என்று முதலிலேயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

2.5 டன் என்று எழுதியிருந்தால் 2.5 டன் தூக்கலாமா?

எப்போதும் முடியாது. பெரும்பாலும் அந்த அளவு, லோடின் எடை மையம் ஃபோர்க்கின் அடிப்பகுதியிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். சீசா பலகை கணக்குதான். நீளமான பெட்டியைத் தூக்கினால் மையம் தள்ளிப்போகும், தூக்கும் திறன் குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த உயரத்துக்கு, எந்த தூரத்துக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகட்டையும் சேர்த்து அடித்துவிடும் கொடுமையும் நடக்குது!

சரிவில் லோடோடு போகும்போது லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கணும். அதாவது ஏறும்போது முன்னால் பார்த்து, இறங்கும்போது ரிவர்ஸில். சரிவின் நடுவில் திரும்பவே கூடாது.

பக்கத்தில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. முன்பக்கம் இடதுபுறம் திரும்பினால், வால் பக்கம் வலதுபுறம் வீசும். வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவில் நிற்காதீங்க. பேலட் மேல் ஆளை ஏற்றி உயரத்தில் டியூப்லைட் மாட்டுவது சாதாரணமாகப் பார்க்கும் காட்சி. பிடிமானம் இல்லாத வெறும் பேலட்டில் ஆளை ஏற்றவே கூடாது.

பராமரிப்பில் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஷிஃப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்தாலே பாதிப் பிரச்னை தெரிந்துவிடும்: பிரேக், ஹாரன், டயர், தரையில் ஆயில் சொட்டு. ஃபோர்க் வளையும் இடத்தை நன்றாகப் பாருங்க. அங்கே 10 சதவீதம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். 40 மி.மீ. தடிமன் 36 ஆகிவிட்டால் கணக்கு முடிந்தது, தூக்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடும். விரிசல் விட்ட ஃபோர்க்கை பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். மாஸ்ட் செயின் 3 சதவீதம் நீண்டால் அதையும் மாற்றணும்.

ஹைட்ராலிக் ஹோஸ் கசியுதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன குத்து மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனா தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க. பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கு" என்று சொல்லணும்.

பேட்டரி வண்டி என்றால், சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கலாம். சார்ஜிங் அறையில் காற்றோட்டம் வேணும், பீடி சிகரெட் கூடாது. டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்க. முன்னாடியே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும்.

ஹேண்ட் பேலட் டிரக் தூக்க மாட்டேங்குதா?

கையால் இழுக்கும் பேலட் டிரக்கில் எவ்வளவு பம்ப் அடித்தாலும் ஃபோர்க் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்திருக்கும். லோடு இல்லாமல், லீவரை இறக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை 10, 15 தடவை மேலும் கீழும் அடித்தால் காற்று வெளியேறிவிடும். அப்போதும் ஏறலைன்னா ஆயில் குறைந்திருக்கலாம். ஹைட்ராலிக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுவிடும்.

சமதளத்தில் இழுப்பதைவிடத் தள்ளுவது முதுகுக்கு நல்லது. இழுக்கும்போது சக்கரம் குதிகாலில் ஏறும் வாய்ப்பும் அதிகம். இந்த டிரக்குகள் பலவற்றில் பிரேக் கிடையாது, அதனால் சரிவில் லோடோடு விடாதீங்க. ஓரம் கட்டும்போது ஃபோர்க்கை முழுசா இறக்கிவிட்டு, கைப்பிடியை நேராக நிறுத்திவிட்டுப் போங்க.