இருளின் இதயம்

போலந்து வம்சாவளி ஆங்கில எழுத்தாளர் ஜோசப் கான்ராட் (1857–1924) எழுதிய குறுநாவல். 1899இல் பிளாக்வுட்ஸ் இதழில் தொடராக வந்தது, 1902இல் நூலாயிற்று.

கான்ராட் 1890இல் காங்கோ ஆற்றின் நீராவிப் படகொன்றில் பணியாற்றினார். காங்கோ நிலம் அப்போது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து. நாகரிகம் பரப்பும் தொண்டு என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டே தந்தத்தையும் ரப்பரையும் கட்டாய உழைப்பால் சுரண்டினார் அவர். ரப்பர் அளவு குறைந்த ஊர்களில் மனிதரின் கைகள் வெட்டப்பட்டன.

நாவலின் கதைசொல்லி மார்லோ, தந்தம் குவிக்கும் முகவர் குர்ட்ஸைத் தேடி ஆற்றின் மேற்பகுதிக்குப் போகிறான். உயர்ந்த இலட்சியங்களோடு வந்த குர்ட்ஸ், தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னையே தெய்வமாக்கிக்கொண்டவன். அவன் வீட்டெதிரே நட்ட கழிகளில் மனிதத் தலைகள். இலட்சியமே பேராசைக்கு முகமூடியாவதைக் காட்டும் இப்பகுதிதான் நூலின் பெரும் வலிமை.

ஆனால் ஆப்பிரிக்கர் இதில் பெரும்பாலும் பேச்சற்ற நிழல்களாகவே வருகிறார்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக உரையில் கான்ராடை இனவெறியர் என்றே சாடினார். அக்குற்றச்சாட்டு வலுவானது, அதை ஒதுக்கிவிட்டு இந்நாவலை நேர்மையாக வாசிக்க இயலாது.