பேச்சின் விலை

கொடிகாமம் சந்தைக்கு ஒரு முறையேனும் சென்றவர்கள் அறிவார்கள்; அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. தேங்காயை எண்ணிக் கொடுப்பார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, காய்க்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். அரிசியை முன்னாளிற் கொத்தால் அளந்தார்கள். இந்நாளிற் கிலோவால் நிறுக்கிறார்கள். அளவை அறியாது விலை பேசுபவர் ஏமாறுவார் என்பதே அச்சந்தை கற்பிக்கும் முதற் பாடம். தென்மராட்சிப் பெண்களுக்கு அப்பாடத்தை எவரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆயினும், அச்சந்தையின் ஓரத்திலுள்ள சிறு கடைகளிலே நாள்தோறும் விற்பனையாகும் பொருளொன்று உண்டு. அதை வாங்கும்போது மாத்திரம் அந்தப் பெண்களும் அளவு கேட்பதில்லை. எண்ணைச் சொல்லுகிறார்கள், பணத்தைக் கொடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கைத்தொலைபேசிக்கு இடும் பணத்தையே இங்கு குறிப்பிடுகின்றேன். அரிசிக்கும் மீனுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பம் இதற்கு மட்டும் கணக்குப் பாராதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, மனிதர் செய்தியை விலைக்கு வாங்கிய வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வரலாறு கடிதத்திலிருந்து தொடங்குகிறது. 1840 ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்திலே ஒரு கடிதத்தின் கட்டணம் அது செல்லுந் தூரத்தையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அக்கட்டணத்தைச் செலுத்தினார். கூலி வேலை செய்வோருக்கு அது தாங்கொணாச் செலவு. ஆதலால் அவர்கள் ஓர் உபாயம் கண்டனர். எழுதுபவர் உறையின் மேலே முன்னரே பேசிவைத்த அடையாளம் ஒன்றை இட்டு அனுப்புவார். பெறுபவர் அதைக் கண்ணாற் பார்த்து, ஊரிலுள்ளோர் நலமென அறிந்துகொண்டு, பணமில்லையென்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரக்கமுள்ள ஒருவர் இத்தகைய கடிதமொன்றுக்குத் தாமே பணங்கட்டி வாங்கிக் கொடுக்க, உள்ளே வெறுந்தாளே இருந்ததென ஒரு கதையும் வழங்குகிறது.

இந்நிலையை மாற்றியவர் றோலண்ட் ஹில் என்பவர். அவர் முன்னர் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்தவர் என்பது எம்போன்றோருக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி. 1837 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டுக் கணக்கொன்றைக் காட்டினார். கடிதத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்வதற்கு ஆகுஞ் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே விலை கணித்து, வீடுவீடாகப் பணம் அறவிடுவதற்கே பெருஞ்செலவாகிறது என்பது அக்கணக்கு. ஆகவே தூரம் எதுவாயினும் குறித்த நிறைக்கு ஒரே விலை, அதுவும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தும் ஒரு பென்னி என்றார். 1840 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் முத்திரையும் வந்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சமாயிருந்த கடிதங்கள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17 கோடியாகப் பெருகின. அரசின் வருவாய் தொடக்கத்திற் குறைந்தது மெய்யே. ஆனால் ஏழைத் தாயொருத்தி தூரத்திலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதக்கூடிய காலம் பிறந்துவிட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடிதம் மலிந்தது, யாரோ இரங்கி விலையைக் குறைத்தமையால் மட்டுமன்று. அளக்கும் அளவை மாறியது. விலை யாவருக்கும் விளங்கத்தக்கதாயிற்று. இந்த உண்மையை மனத்திற் கொண்டு நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வெளியாயிற்று. 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் செல்லத் தொடங்கினர். அவர்களையும் ஊரையும் பிணைத்தவை கடிதமுங் காசுக்கட்டளையுமே. கடிதம் நிறையால் விற்கப்பட்டது. எனவே மெல்லிய தாளிலே ஓரமும் விடாது பொடியெழுத்தில் எழுதினார்கள். தந்தி சொல்லால் விற்கப்பட்டது. எனவே ஒரு மரணத்தையும் பயண ஒழுங்கையும் நாலைந்து சொற்களுள் அடக்கினார்கள். பின்னர் வந்த தொலைதூரத் தொலைபேசி அழைப்பு மூன்று நிமிடக் கணக்கில் விற்கப்பட்டது; எனவே சொல்ல வேண்டியதை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு விரைந்து பேசினார்கள். நம் முன்னோர் பெரும் படிப்பில்லாதவராயிருக்கலாம். ஆனால் தாம் வாங்கும் செய்தி எந்த அளவையால் விற்கப்படுகிறது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

1990 இல் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. கடலுக்கப்பால் உள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்கென்றே பெற்றோர் பல தடைகளைக் கடந்து கொழும்பு சென்று விடுதிகளிலே தங்கியிருந்த காலம் அது. பேசிய நிமிடங்கள் சில. அவற்றுக்காகச் செலவிட்ட நாட்கள் பல. பேச்சின் விலையை ரூபாவால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதை யாழ்ப்பாணத்தார்போல் அறிந்தவர் சிலரே. இன்றைக்கும் வெளிநாட்டழைப்பு வந்தவுடன் வேலையை விட்டெறிந்து ஓடும் வழக்கம் எங்கள் முதியோரிடம் இருக்கிறதென்றால், அதன் வேர் அந்த ஆண்டுகளிலே உள்ளது.

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டது. எனினும் 2002 இல் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே அது யாழ்ப்பாணத்தில் மக்கள் கைக்கு வரலாயிற்று. அக்காலத்திலே அழைப்பைப் பெறுபவரும் பணங்கட்டும் முறை இலங்கையில் இருந்தது. ஆகவே நம்மவரும் ஓர் உபாயம் கண்டனர். ஒருமுறை மணியடித்துத் துண்டித்தால் வீடு சேர்ந்துவிட்டேன் என்பது பொருள். இருமுறை அடித்தால் சந்திக்கு வா என்பது பொருள். நேயர்களே, இங்கிலாந்துக் கூலியாள் உறையின் மேலிட்ட அடையாளத்துக்கும் இந்த மணியோசைக்கும் என்ன வேறுபாடு? எழுபது எண்பது தலைமுறைக் கதையன்று இது. ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில், இருவேறு நாடுகளில், ஒரே இடுக்கண் ஒரே உபாயத்தைப் பிறப்பித்தது.

பின்னர் போட்டி வந்தது. 2009 ஜனவரியில் எயார்டெல் நிறுவனம் ஐந்தாவதாக இலங்கைச் சந்தையிற் புகுந்தது. டயலொக், மொபிற்றெல், ரிகோ, ஹச் ஆகிய ஏனைய நான்கும் விலையைக் குறைத்தேயாக வேண்டியதாயிற்று. டயலொக் நிறுவனமே அவ்வாண்டில் நட்டக் கணக்குக் காட்டியது. விலை மேலும் வீழாதிருக்க, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2010 இல் ஆகக்குறைந்த கட்டணமொன்றை விதித்தது. அழைப்பைப் பெறுபவர் பணங்கட்டும் வழக்கமும் அக்காலத்தை ஒட்டி ஒழிந்தது. றோலண்ட் ஹில் கடிதத்துக்குச் செய்தது, தொலைபேசிக்கு நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது எனலாம்.

ஆனால் மலிவு நிலைத்து நிற்பதன்று. 2018 இல், ரிகோவின் வழிவந்த எற்றிசலாற் நிறுவனம் ஹச் நிறுவனத்தோடு சேர்ந்தது. 2024 யூனில் எயார்டெல் டயலொக்கோடு இணைந்தது. ஐந்து மூன்றாயிற்று. இதற்கிடையே 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே தொலைபேசி, இணையக் கட்டணங்கள் நூற்றுக்கு இருபது வீதம் கூட்டப்பட்டன. பெறுமதி சேர் வரி 2022 யூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. ஏனைய வரிகளைச் சேர்க்காமலே கணக்கிடுவோம். 2022 மே மாதத்தில் 100 ரூபாப் பெறுமதியுள்ள சேவைக்கு 108 ரூபா கொடுத்த குடும்பம், அதே சேவைக்கு 2024 தொடக்கத்தில் 141 ரூபா 60 சதம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் மேலாக, அளவை மறுபடியும் மாறிவிட்டது. இப்போது விற்கப்படுவது நிறையன்று, சொல்லன்று, நிமிடமுமன்று. கண்ணுக்குப் புலப்படாத கிகாபைற்று. அதனை ஒரு நாட் பொதி, ஏழு நாட் பொதி, முப்பது நாட் பொதி எனவும், பகலுக்கு வேறு இரவுக்கு வேறு எனவும், குறித்த சில செயலிகளுக்கு மட்டும் எனவும் பலவாறு கட்டி விற்கின்றனர். றோலண்ட் ஹில்லின் ஒரு பென்னியிலிருந்த எளிமை இங்கே இல்லை. சந்தையிலே அளவு கேட்கத் தெரிந்த பெண் இக்கடையில் வாய்மூடி நிற்பதன் காரணம் இதுவே.

2020 மார்ச்சிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசியினூடாக நடந்த நாட்களில் இதன் தாக்கத்தை நேரிற் கண்டேன். எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தியின் தாயார், தோட்ட வேலைக்குச் செல்பவர், பின்னொரு நாள் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளை படிக்கத்தானே காசு போடுறன். ஆனால் போட்ட காசு எங்கை போகுதெண்டு தெரியேல்லை" என்றார். இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். கையில் மொத்தமாகப் பணமில்லாமையால் அவர் நாளுக்கொரு சிறு பொதியாகவே வாங்கியிருந்தார். அத்துடன், கேளாத செய்திச் சேவையொன்றுக்கு நாள்தோறும் சில ரூபா கழிந்துகொண்டிருந்தது. அச்சேவையை நிறுத்தினோம். அடுத்த மாதம் முப்பது நாட் பொதி வாங்குவதற்காக அவர் கூலியிலிருந்து சிறிது சிறிதாக ஒரு பேணியிற் சேர்த்தார். மீந்த பணத்துக்குப் பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கினார். பெருஞ் சாதனையன்று; ஆயினும் அத்தாயின் முகத்தில் அன்று கண்ட தெளிவை நான் மறக்கவில்லை.

இதன் கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, ஒரு நாட் பொதி 40 ரூபாவெனக் கொள்வோம். முப்பது நாளில் 1,200 ரூபா. அதே அளவைத் தரும் மாதப் பொதி 800 ரூபாவெனின், வறியவர் 400 ரூபாவை மேலதிகமாகக் கொடுக்கிறார்; ஆண்டுக்கு 4,800 ரூபா. சில்லறையாய் வாங்குபவரே கூடுதல் விலை கொடுக்கிறார் என்பது அரிசிக்கும் எண்ணெய்க்கும் பொருந்துவதுபோல இதற்கும் பொருந்தும்.

ஆகவே குடும்பத் தலைவியருக்கும் தலைவருக்கும் சில சொல்ல விரும்புகின்றேன். முதலாவது, ஒரு மாதத்துக்கு மட்டும் கொப்பியொன்றில் எழுதுங்கள்: எவர் தொலைபேசிக்கு, எந்நாளில், எவ்வளவு. இரண்டாவது, எதற்குச் செலவாகிறது என அறியுங்கள். உயர் தெளிவிற் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் மூன்று கிகாபைற்று வரை செல்லலாம். வாட்ஸ்அப்பிற் குரலாற் பேசினால் அதன் மிகச் சிறு பகுதியே செல்லும். படத்தின் தெளிவைக் குறைத்தாற் செலவு குறையும். மூன்றாவது, விளம்பரத்திலுள்ள விலை வரியோடு சேர்ந்ததா, அளவு முழுநாளுக்குரியதா அல்லது பாதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுவதா எனக் கேளுங்கள். நான்காவது, ஒரே வீட்டில் நால்வர் தனித்தனிப் பொதி வாங்குவதிலும், ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வது மலிவாகுமா எனக் கணக்கிடுங்கள். ஐந்தாவது, மூன்று நிறுவனங்களின் விலையையும் ஒப்பிட்டு, உங்கள் வீட்டில் எதன் அலை நன்கு எட்டுகிறதென்பதையும் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள். அலை எட்டாத மலிவு மலிவன்று.

குடும்பத்தின் சிக்கனம் மட்டும் போதுமா? போதாது. அயல்நாடான இந்தியாவைப் பாருங்கள். 2016 செப்டெம்பரில் ஜியோ வந்தபோது அங்கும் விலை வீழ்ந்தது. நிறுவனங்கள் குறைந்தபின் 2019 இலும் 2021 இலும் 2024 யூலையிலும் விலை ஏறியது. ஆயினும் அங்கே ஒழுங்குபடுத்தும் ஆணையம் சில காரியங்களைச் செய்தது. 2011 ஜனவரி முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் கிடைத்தது. இருபத்தெட்டு நாட் பொதியினால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று முறை பணம் செலுத்த நேர்கிறதென்று மக்கள் முறையிட்டமையால், முப்பது நாட் பொதியும் தரவேண்டுமென 2022 இல் விதித்தது. இணையம் வேண்டாத முதியோருக்காகப் பேச்சுக்கு மட்டுமான பொதி வேண்டுமென 2024 டிசெம்பரில் விதித்தது. இவை யாவும் மக்கள் அளவு கேட்டமையால் விளைந்தவை. எண் மாற்றாது நிறுவனம் மாற்றும் வசதி நமது நாட்டில் பல ஆண்டுகள் வெறும் பேச்சாகவே இருந்து வந்தது. விளங்கத்தக்க விலை, வேண்டியதை மட்டும் வாங்கும் வசதி, விரும்பியபோது மாறும் உரிமை ஆகிய மூன்றையும் கேட்பது நமது கடமை.

நேயர்களே, ஒரு காலத்தில் இந்த வானொலிப் பெட்டிக்கும் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்தினோம். ஒரு வீட்டில் பெட்டி ஒலித்தால் அயலெல்லாம் முற்றத்தில் அமர்ந்து கேட்டது. விலை ஒன்று, பயன் பலருக்கு. இன்று பேச்சும் பாடமும் உறவும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டன. அதைக் கைவிடுதல் இயலாது, கைவிடவும் வேண்டியதில்லை. அடுத்த முறை சிறு கடையின் முன்னே நின்று எண்ணைச் சொல்லும்போது, தேங்காய்க்குக் கேட்பதுபோல் இதற்கும் கேளுங்கள்: எத்தனை, எத்தனை நாளைக்கு, என்ன விலை?