சலூன் மேசையும் கட்டுச்சோறும்

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஒரு சிறு நூலகத்தை நிரப்பும். பங்குகள் எத்தனை, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை எவ்வளவு குறைத்தது, நீதிபதி பின்ஹே என்ன தண்டனை விதித்தார் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் எங்கே உட்கார்ந்து என்ன உண்டார்கள் என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. தேச வரலாற்றில் சாப்பாட்டுக்கு என்ன வேலை என்று நினைக்கிறோம் போலும். என் வரையில் இது அற்பமான கேள்வியல்ல. கரையில் தெருக்களாகவும் கிணறுகளாகவும் பிரிந்து கிடந்த ஒரு சமூகத்தை, ஒரே ஓர் இரவுக்காவது ஒரு மரக்கலத்துக்குள் சேர்த்து அடைத்தது கப்பல். அங்கே தெரு கிடையாது, கிணறு கிடையாது. பிரித்து வைப்பதற்கு மிஞ்சியது சாப்பாட்டு மேசை ஒன்றுதான்.

ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த சிதம்பரம் பிள்ளை, 1906ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். முதலில் வாடகைக் கப்பல்கள். அவை கைவிட்டபின் சொந்தக் கப்பல்கள். 1907 மே மாதத்தில் காலியா, லாவோ என்ற இரண்டும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. நம் கட்டுரைக்கு வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், மீதி 1,300 பேர் சாதாரணப் பயணிகள். மேசை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து உண்ணக்கூடியவர்கள் 66 பேர். மற்றவர்களுக்குத் தளமே படுக்கை, தளமே பந்தி.

கப்பலின் உணவுக்கூடத்துக்கு 'சலூன்' என்று பெயர். (இன்று தமிழில் அந்தச் சொல்லுக்கு முடிதிருத்தும் கடை என்ற ஒரே பொருள்தான். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அதற்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவரைப் பாதி முகச்சவரத்தில் விட்டுவிட்டு நாவிதர் எழுந்துபோன கதை தூத்துக்குடியில் பெயர்பெற்றது. அந்த ஊரின் அரசியல் இரண்டு வகைச் சலூன்களிலும் நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.)

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். சென்னையிலிருந்து ரயிலில் இறங்கியவர், கரையிலிருந்து சிறு நீராவிப் படகிலோ தோணியிலோ ஏறி, ஐந்து மைல் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் கப்பலை அடைய வேண்டும். கரையோரக் கடல் அவ்வளவு ஆழமற்றது. கப்பல் இரவில் கடந்து விடியலுக்குமேல் கொழும்பை அடையும். எனவே இந்தப் பயணத்தில் முக்கியமான வேளை இராச்சாப்பாடு.

முதல் வகுப்புக்காரருக்கு அது சலூனில், வெள்ளை விரிப்பின்மேல், முறை முறையாக வரும். மது விஷயத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் வழக்கம் காலத்துக்குக் காலம் மாறியது. பி அண்ட் ஓ கப்பல்களில் 1870கள் வரையில் மதுவுக்கும் சேர்த்தே கட்டணம். ஒயினும் பீரும் பிராந்தியும் கேட்டபடி கிடைத்தன. கூட்டமும் போட்டியும் பெருகியபின், குடிப்பவர் தனியே காசு கொடுக்க வேண்டும் என்றாயிற்று. குடிக்காதவன் குடிப்பவனுக்காகச் செலுத்திய வரி நின்றது என்றும் இதைச் சொல்லலாம். பிரெஞ்சுக் கப்பல்களோ கடைசிவரை மேசை ஒயினை உணவின் பகுதியாகவே கருதின. ரொட்டிக்கு எப்படித் தனி விலை இல்லையோ அப்படியே அதற்கும். இரண்டு தேசங்களின் குணத்தையும் இந்த ஒரு வேறுபாட்டில் படித்துவிடலாம் என்பது என் துணிபு.

இந்த மேசையில் பரிமாறியவர்கள் யார்? பிரிட்டிஷ் கம்பெனிகளின் கப்பல்களில் சலூன் பணியாளர்கள் பெரும்பாலும் கோவாவின் கத்தோலிக்கர்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மது இம்மூன்றையும் தொடத் தயங்காதவர்கள் என்பதே அவர்களைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம். எந்திர அறையிலும் மேல்தளத்திலும் வேலை செய்த லஸ்கர்களுக்குப் பண்டாரி என்ற சமையற்காரர் தனி. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அடுப்பு வேறு. கம்பெனிகளுக்குச் சாதியில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அதை ஒரு நிர்வாக முறையாக மாற்றிக்கொள்வதில் அபாரமான திறமை இருந்தது. துறைமுகத்தில் ஏறிய சாதி, சமையலறை வரைபடத்தில் அச்சாகிவிட்டது.

சலூனுக்குள் போக உரிமை இருந்தும் போகாதவர்கள் உண்டு. அவர்களில் பெரியவர் காந்தி. 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கிளைடு என்ற கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, கத்தி, முட்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கத் தைரியம் இல்லாமலும், மேசைக்கே போகாமல் அறைக்குள் இருந்துகொண்டு, கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தின்று காலம் தள்ளியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மதுவையும் மங்கையையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வெறும் கூச்சம் மறுபக்கம். விரதத்தைவிடக் கூச்சமே அவரை அதிகம் பட்டினி போட்டிருக்கும் என்று அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது தோன்றுகிறது. 

தளத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். கொழும்புக்குப் போகும் கடைக்காரர், கணக்குப்பிள்ளை, கண்காணிக்குப் பின்னால் வரிசையாக நடந்த தோட்டக் கூலிகள் என்று அது ஒரு தனி உலகம். கூலிகளைக் கப்பலேற்றுமுன் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம், தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்தது. ஓட்டப்பிடாரத்திலிருந்து அதிக தூரமில்லை. பின்னாளில் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' படித்தவர்களுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நெல்லைச் சீமைப் பெண்ணின் வாழ்வைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 

இப்போது கட்டணப் போருக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தலைக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது, சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது, வெள்ளையர் கம்பெனி இலவசம் என்றதோடு ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் போர் முழுவதும் தளத்தில் நடந்தது என்பது. முதல் வகுப்பு மேசையில் நல்ல ஒயினைக் கூட்டியோ, ஒரு பதார்த்தத்தை அதிகமாக்கியோ யாரும் யாரையும் வெல்ல முயலவில்லை. கப்பலின் மானம் சலூனில் இருந்தது; வருமானம் கட்டுச்சோற்று மூட்டைகளோடு இருந்தது. இலவசமாகக் கிடைத்த இடத்தை மறுத்துவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவன் செய்த தியாகத்தை, பங்குப் பத்திரம் வாங்கியவரின் தியாகத்துக்குக் குறைந்ததாக நான் மதிக்கமாட்டேன். பங்குதாரர் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. எட்டணாக்காரனுக்கு அதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுதேசிக் கம்பெனி கப்பலின் உடைமையை மாற்றியது. கப்பலின் அமைப்பை மாற்றவில்லை. ஐரோப்பாவில் கட்டப்பட்ட கப்பல் 42, 24, 1,300 என்ற பாகுபாட்டைத் தன் இரும்பிலேயே சுமந்துகொண்டு வந்தது. இந்தியருக்குக் கப்பலோட்டவும் கட்டவும் கற்றுக்கொடுப்பது கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அது நடந்திருந்தால், தூத்துக்குடியிலேயே ஒரு கப்பல் கட்டப்பட்டிருந்தால், அதன் சாப்பாட்டுக்கூடம் எப்படி அமைந்திருக்கும் என்று கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை. 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார். ஜூலையில் தண்டனை. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்துக்கொண்டிருக்க, கம்பெனி நொடித்து 1911இல் கலைக்கப்பட்டது. காலியா எந்தக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

இந்தக் கடற்கரைக்கும் அயல்நாட்டு மதுவுக்கும் உறவு நீராவிக் கப்பலோடு தொடங்கியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், மேற்கிலிருந்து தமிழகத்துறைகளுக்கு வந்த சரக்குகளில் ஒயினையும் சேர்த்திருக்கிறது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட அருந்தும் பாண்டிய மன்னனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் 56ஆவதாக இருக்கிறது. அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் அந்த மது வந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அதே பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. மன்னன் கையில் யவனத் தேறல். அதற்கு விலையாகப் போன முத்தை எடுத்தவன் குற்றவாளி. நம் ஊர்ப் பெருமை பேசுவோர் முதல் செய்தியை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இரண்டாவதைக் காட்டுவதில்லை.

பிற்கால முத்துக்குளிப்பில் குளியாட்கள் கைதிகள் அல்லர். பரதவர்களும் கடற்கரை முஸ்லிம்களும். நள்ளிரவில் கரைக்காற்றில் புறப்பட்டு, விடிந்ததும் கல்லைக் காலில் கட்டி இறங்கி, பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. மூச்சடக்கும் தொழிலில் நிறைந்த வயிறு ஆகாது. எனவே குளியாள் வெறும் வயிற்றோடு இறங்கி, கரை திரும்பியபின்தான் வயிறார உண்பான். படகில் பந்தியே இல்லை. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

கரையில் குடி இருந்தது. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544இல் தம் உடனூழியருக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கச் சொல்கிறார். பூசைக் கிண்ணத்தில் திராட்சை ரசத்தைக் கொண்டுவந்த கப்பலிலேயே, ஏழையின் குடிக்குத் தண்டனையும் வந்து இறங்கியது. புனிதரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்தக் குடி பண்பாடு, எந்தக் குடி குற்றம் என்பதைக் குடிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடமே தீர்மானித்து வந்திருக்கிறது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி, தலைமன்னார் வழி பிரதானமாகித் தூத்துக்குடியின் பயணிகள் போக்குவரத்து தேய்ந்தது. அதே ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கணிதமேதை ராமானுஜன் சென்னையில் ஏறிய நெவாசா, வ.உ.சி.யை எதிர்த்த அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். அதே கம்பெனியின் ரஜூலா 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. தொடக்கத்தில் அதற்கு 5,000 பேருக்குமேல் தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. மலேயாத் தமிழர்களின் பழைய நினைவுகளில் ரஜூலா ஒரு கப்பலாக அல்ல, ஓர் ஊராகவே வரும்.

அதற்குப் பதிலாக வந்த கப்பலின் கதையைக் கேட்டால் வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றே தோன்றும். 1966இல் பிரான்சின் டன்கர்க்கில் கட்டப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சொகுசுப் பயணிகளை ஏற்றிச்சென்ற 'பாஸ்டர்' என்ற கப்பலை, 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. மேசை ஒயினுக்குத் தனி விலை கேட்காத பிரெஞ்சு மரபில் வந்த கப்பல். அதற்கு வைத்த பெயர் 'சிதம்பரம்'. ஓட்டப்பிடாரத்துக்காரரின் பெயர்தான். 429 பேருக்கு அறைகள் இருந்த கப்பலில் உள்கட்டுகளைப் பிரித்து அடுக்குப் படுக்கைகள் போட்டு, 1,500க்கும் மேற்பட்ட சாதாரணப் பயணிகளுக்கு இடம் செய்தார்கள். சுதேசிக் கம்பெனியால் மாற்ற முடியாத இரும்பை இங்கே ஒருவாறு மாற்றினார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களும் சாமான் கொண்டுவந்து விற்கிறவர்களுமாக அது நிறைந்து ஓடியது. வ.உ.சி. கொண்டுவந்த கப்பல்களைவிட, அவர் பெயர் தாங்கிய இந்தப் பழைய பிரெஞ்சுக் கப்பலே அவருடைய கனவுக்கு நெருங்கியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்தது. நாற்பது பேர் வரை இறந்தார்கள். பிறகு அது பயணம் போகவில்லை; உடைக்க விற்றுவிட்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி ஒரு பயணிகள் கப்பல் புறப்பட்டது 2011 ஜூன் மாதத்தில். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற அந்தக் கப்பல் 1972இல் கட்டப்பட்டது; அமெரிக்காவின் மேய்னுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே இருபதாண்டுகளுக்கும் மேலாக, சூதாட்டக்கூடமும் மதுக்கூடமும் வைத்துக்கொண்டு ஓடிய கப்பல். ஆயிரம் பேர் போகலாம். இங்கேயும் உணவகமும் மதுக்கூடமும் தீர்வையில்லாக் கடையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. 42 பேர் மட்டும் நுழையக்கூடிய சலூனின் வாசல் காசுள்ள எவருக்கும் திறந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் பேர் கூடவில்லை. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போகிறவனை ஓர் இரவு கடலில் வைத்திருக்க மதுக்கூடம் போதவில்லை. மூட்டையோடு வரும் பழைய தளப் பயணியோ இப்போது அந்த வழியில் இல்லை. ஐந்து மாதத்தில், அந்த நவம்பரிலேயே, சேவை நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பல் சிறியது. கடக்க நான்கு மணி நேரம்தான் என்பதால், அதில் இராச்சாப்பாட்டுக்கே இடமில்லை.